என் பெயர் யாருடைய தாடையையும் உடைக்காது

போன செவ்வாய்க்கிழமை இங்கே அமெரிக்காவில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் எட்டு வயது மகள். வரவேற்பு மேசைப் பெண் கையில் தாளோடு வந்து நின்றாள். "மேன்... மேங்..." என்று இரண்டு தரம் இழுத்தாள். அப்புறம் தாளை ஆட்டிக்கொண்டே, "ஐயோ, இது சரியான ஜாபிரேக்கர்!" என்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்தேன். அவர்கள் சிரிப்பதையும் பார்த்து, என் முகத்தையும் பார்த்தாள் என் மகள். அந்தப் பார்வை இன்னும் என் வயிற்றில் கிடந்து எரிகிறது.

ஜாபிரேக்கர் என்றால் தாடையை உடைப்பது. அமெரிக்காவில் அது ஒரு மிட்டாய். கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது வரை கிடைக்கும், கல் மாதிரி இருக்கும். வாயில் நுழையாத சொல்லுக்கும் அதே பெயர்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருளில் சொல்லியிருக்கிறார்கள், மிட்டாய் பிறகு வந்தது. நாமும் "பேர் வாயில் நுழையவில்லை" என்கிறோம். ஆனால் அதில் குறை வாய்க்கு. இங்கே குற்றவாளி என் பெயர்! ஏதோ நான் கல்லைத் தூக்கி அவள் முகத்தில் எறிந்த மாதிரி.

என் பெயர் மங்கையர்க்கரசி. 63 நாயன்மார்களில் பெண்கள் மூன்றே பேர், அவர்களில் ஒருத்தியான பாண்டிய அரசியின் பெயர். என் அப்பாயிக்கும் அதுதான் பெயர், அவரிடமிருந்து எனக்கு வந்தது. இதில் ழ இல்லை, ற இல்லை, ண இல்லை. ஆங்கிலம் பேசும் வாய்க்குப் பழக்கமில்லாத ஒலி ஒன்றுகூடக் கிடையாது. மேங்கோ என்று சொல்லத் தெரிந்தவருக்கு மங்கை வரும். சரி, முழுசாக வேண்டாம், மங்கை என்றே கூப்பிடுங்கள் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! மூன்று எழுத்து. அதற்கும் "மேகி என்று வைத்துக்கொள்ளட்டுமா?" என்கிறார்கள். நீ யார் எனக்குப் பெயர் வைக்க?

இத்தனைக்கும் நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில். பக்கத்து நகரத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் வோர்செஸ்டர் என்று இருக்கும், வுஸ்டர் என்று சொல்ல வேண்டும். வந்த முதல் வாரம் எழுதியிருந்தபடியே படித்தேன், திருத்தினார்கள், அன்றே கற்றுக்கொண்டேன். நடுவில் இருக்கும் எழுத்தெல்லாம் எங்கே போயின என்று கேட்டுச் சண்டை போட்டேனா? யாரையும் பார்த்துச் சிரித்தேனா? அது அந்த ஊரின் பெயர், அதை அப்படித்தான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வெப்ஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் ஏரியின் நீளப் பெயர் சார்காககாக்மன்சாககாக்சாபனகங்கமாக். நிப்மக் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் 45 எழுத்து. அந்த ஊர்க்காரர்கள் அதைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள், பனியனில் அச்சடித்து விற்கிறார்கள், மூச்சு விடாமல் சொல்லிக் காட்டுகிறார்கள். பெருமையாக இருந்தால் 45 எழுத்தும் வாயில் நுழைகிறது. நம் பெயர் என்றால் மட்டும் தாடை கழன்றுவிடுகிறது!

என் கணவர் கதை இதைவிட மோசம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், தன் பெயர் என்று பிரிக்காமல் ஒரே பெயராக இருந்ததால் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று போட்டுவிட்டார்கள். முதல் பெயர் தெரியாதவர் என்பதன் சுருக்கம். அதைச் சேர்த்துப் படித்து "மிஸ்டர் ஃப்னூ" என்று கூப்பிட்டிருக்கிறார்கள் அவரை. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் கண்ணெதிரே எழுதியிருக்க, தெரியாதவராம்.

அந்த மிட்டாய் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சர்க்கரைத் துணுக்கைச் சுழலும் சூடான சட்டியில் போட்டு, பாகை ஊற்றி ஊற்றி, படலத்தின் மேல் படலமாக வளர்ப்பார்கள். ஒரு பெரிய உருண்டை தேற இரண்டு வாரம்கூட ஆகும். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் பண்டிகைக்குக் கிடைத்த ஒன்றை என் மகள் பல நாள் வைத்து நக்கினாள். தினமும் ஒரு நிறம் கரையும், அடியில் அடுத்த நிறம் தெரியும், ஓடி வந்து நாக்கை நீட்டிக் காட்டுவாள். அவள் அதை ஒரு தரம்கூடக் கடிக்கவில்லை. எங்கள் ஊர் கமர்கட்டும் அப்படித்தானே? கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கரையும். ஒரு மிட்டாய்க்குக் கொடுக்கிற நேரத்தில் நூறில் ஒரு பங்கு எனக்குக் கொடுத்தால் போதும். "எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்க இரண்டு விநாடி, நான் சொல்ல இரண்டு விநாடி. தப்பாகச் சொன்னாலும் கோபப்பட மாட்டேன், முயற்சி செய்கிற வாயைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அன்று காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "அம்மா, என் பேரும் ஜாபிரேக்கரா?" அவள் பெயர் தேன்மொழி. தேன்மொழி! இந்தக் கேள்வியை எட்டு வயதுப் பிள்ளை வாயில் வைத்தது யார்?

பல் அடைப்பதற்கு அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். அங்கே போய் உட்காருவேன். அவள் தாளை ஆட்டட்டும், இழுக்கட்டும், கண்ணால் என்னைத் தேடட்டும். மங்கையர்க்கரசி என்று சொல்லிப் பார்க்கிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.