மெக்னீசியம் வாங்கும் முன் ஃபெரிட்டின் பாருங்கள்

எங்கள் ஜிம்மில் காலை ஆறு மணி பேட்ச் முழுக்கப் பெண்கள். போன வருடம் வரை லாக்கர் பக்கம் புரோட்டீன் பவுடர் பேச்சுதான் ஓடும். இப்போது மெக்னீசியம். தூக்கம் வரவில்லையா, மெக்னீசியம். கெண்டைக்கால் பிடிக்கிறதா, மெக்னீசியம். மாமியாரோடு சண்டையா, அன்றைக்கு ரெண்டாகப் போடு என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

நானும் வாங்கினவள்தான். ஸ்குவாட் செய்த அன்று ராத்திரி ரெண்டு மணிக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். ட்ரெய்னர் தம்பி என் முகத்தைப் பார்த்தே, "மேடம், உங்களுக்கு மெக்னீசியம் கம்மி" என்று சொல்லிவிட்டார். 1,400 ரூபாய் கொடுத்து டப்பா வாங்கினேன்.

முன்பக்கம் பெரிதாக 1000 மி.கி. என்று இருந்தது. ரெண்டு மாதம் கழித்துத்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஆயிரம் என்பது மெக்னீசியம் பிஸ்கிளைசினேட் என்கிற உப்பின் எடை. அதில் மெக்னீசியம் மட்டும் பார்த்தால் நூற்றுக்குப் பதினாலு பங்குதான், அதாவது சுமார் 140 மி.கி. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 310 முதல் 320 மி.கி. வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்தே வந்துவிடலாம். விலை குறைந்த டப்பாக்களில் இருப்பது பெரும்பாலும் மெக்னீசியம் ஆக்சைடு. எடையில் அறுபது சதவீதம் மெக்னீசியம், ஆனால் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மிச்சம் குடலில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற மில்க் ஆஃப் மெக்னீசியாவும் இந்தக் குடும்பம்தான். என் தோழி ஒருத்தி அந்த ஆக்சைடு டப்பாவை வாங்கிப் போட்டு, மூன்று நாள் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறவே பயந்தாள்.

சரி, கால் பிடிப்புக்காவது கேட்குமா? ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் குழு 2020இல் இதையும் பார்த்தது. வயதானவர்களுக்கு ராத்திரி வரும் பிடிப்பில் மெக்னீசியத்தால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இருக்க வாய்ப்பில்லை என்றார்கள். உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு முறையான ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் சொட்டுகிறதே, அதில் அதிகம் போவது சோடியம். மெக்னீசியம் கொஞ்சம்தான். எனக்குப் பிடிக்கும்போது உதவுவது எழுந்து நின்று காலை நீட்டி இழுப்பதுதான். அதற்குக் காசு கிடையாது.

இதற்கிடையில் மூன்றாவது மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, முடி கொத்தாக வந்தது. வயசாகிறது என்று விட்டிருப்பேன். எங்கள் தெரு டாக்டரம்மா மெக்னீசியம் பேச்சை எடுக்கவே இல்லை. முதல் கேள்வியே "பீரியட்ஸ் எத்தனை நாள்? எத்தனை பேட் மாத்தறீங்க?" ஒரு வருடமாக ஜிம்மில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. ஹீமோகுளோபின் 10.4 வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 8.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஜிம்முக்குப் பணம் கட்டுகிற நமக்கு இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன். இதில், கடுமையாகப் பயிற்சி செய்தபின் சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. நானோ பயிற்சி முடிந்த கையோடு டிபன், அதன் மேலேயே ஃபில்டர் காபி. காபியும் டீயும் இரும்பைத் தடுக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இரும்பைப் பற்றி ஏன் யாரும் ரீல்ஸ் போடுவதில்லை? மாத்திரை மலிவு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். மலம் கறுப்பாகப் போகும், வயிறு பிசையும். அழகான டப்பாவும் இல்லை, டிஸ்கவுன்ட் கோடும் இல்லை. என் கோபம் மெக்னீசியத்தின் மேல் இல்லை, இந்த வியாபாரத்தின் மேல்தான். "ரத்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் குறை இருக்கலாம்" என்று விற்கிறார்கள். உண்மைதான், உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை. அதற்காக எல்லோருக்கும் குறை என்று ஆகிவிடுமா?

தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அசிடிட்டிக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் மெக்னீசியம் குறையலாம். டாக்டர் பார்த்துக் கொடுப்பார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் தாமாகத் தொடவே கூடாது. எங்கள் அத்தை விடிகாலையில் தைராய்டு மாத்திரையையும் மெக்னீசியத்தையும் ஒரே வாயில் விழுங்கிக்கொண்டிருந்தார். ரெண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

எங்கள் பேட்சில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி. ராத்திரி சாப்பாட்டை நிறுத்தி எடை குறைத்தாள். மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. அவளுக்கும் ஜிங்க், மெக்னீசியம் கலந்த டப்பாதான் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குக் குறைவது சோறு. உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாமல் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்துவதற்கு ரெட்-எஸ் என்றே 2014இல் ஒலிம்பிக் கமிட்டி பெயர் வைத்தது. கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

மெக்னீசியம் வேர்க்கடலையில் இருக்கிறது, எள்ளில், கீரையில், கேழ்வரகில் இருக்கிறது. தீட்டாத அரிசியிலும்தான், நாம் தீட்டி எடுத்துவிடுகிறோம். பரங்கிக்காய் சாம்பார் வைத்துவிட்டு விதையைக் குப்பையில் போடுகிறோம், அப்புறம் பம்ப்கின் சீட்ஸ் என்று பாக்கெட்டில் வாங்குகிறோம். ஒரு சின்னக் கைப்பிடி பரங்கி விதைப் பருப்பில் சுமார் 150 மி.கி. இருக்கும், என் டப்பா மாத்திரையைவிட அதிகம்.

எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மாத்திரை, எலுமிச்சை ஜூஸோடு. காபி ஒரு மணி நேரம் தள்ளி (அதுதான் கஷ்டம்). ஐந்து மாதத்தில் ஃபெரிட்டின் 34. கால் இன்னும் எப்போதாவது இழுக்கிறது, ஆனால் மூன்று மாடி ஏறிவிடுகிறேன்.

போன வாரம் ட்ரெய்னர் தம்பி தனியாக வந்து, "மேடம், அந்த டெஸ்ட் பேரு என்ன? வீட்ல அவங்களும் ரொம்ப டயர்டா இருக்காங்க" என்று கேட்டார். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.