கோயம்பேட்டில் மால் வேண்டாம், வீடு கட்டுங்கள்

கோயம்பேடு பேருந்து நிலைய இடத்தில் மால் வருமா, பூங்கா வருமா என்று எங்கள் பகுதியில் மறுபடியும் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் இதே வாக்குவாதம்தான். அங்கே ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் வேறு திசையில் இழுத்துவிடுகிறார். அதனால் முழுதாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மால் வேண்டாம். ஆனால் அங்கே உயரமான கட்டடம் வரட்டும், நிறையப் பேர் குடிவரட்டும். அந்த வீடுகள் விற்பனைக்குப் போகாமல், அரசின் கையிலேயே வாடகை வீடுகளாக இருக்க வேண்டும். மிச்சமிருக்கும் பேருந்துகளும் அங்கிருந்து போகக் கூடாது.

வெளியூர் நண்பர்களுக்காகச் சின்ன முன்கதை. பாரிமுனையில் நெரிசலில் திணறிக்கொண்டிருந்த வெளியூர்ப் பேருந்துகளுக்காக 2002 நவம்பரில் திறக்கப்பட்டது கோயம்பேடு பேருந்து நிலையம். ஏறத்தாழ 36 ஏக்கர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் நிலம். அதற்கு முன்பே, 1996இல், கொத்தவால்சாவடியிலிருந்து மொத்த வியாபாரச் சந்தை இங்கே வந்துவிட்டது. 2015 ஜூனில் சென்னையின் முதல் மெட்ரோ ஓடியதும் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குத்தான். இரண்டாம் கட்டத்தில் மாதவரம் – சோழிங்கநல்லூர் வழித்தடமும் கோயம்பேடு வழியாகத்தான் போகிறது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. காஞ்சிபுரம், வேலூர், பெங்களூரு பக்கம் போகிறவையும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிறவையும் மாநகரப் பேருந்துகளும் இங்கேயே நின்றன.

அடுத்த சில வாரங்களிலேயே அந்த இடத்தை லூலூ மாலுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று செய்தி பரவியது. அரசு மறுத்தது. பாமக அங்கே பசுமைப் பூங்கா கேட்டது. அதன் பிறகும் மால், அலுவலக வளாகம், கலப்புப் பயன்பாடு என்று ஏதாவது ஒரு பேச்சு வந்துகொண்டேதான் இருக்கிறது.

மால் வேண்டும் என்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பேருந்து நிலையத்தை நம்பியிருந்த டிபன் கடை, லாட்ஜ், ஜூஸ் கடை, ஆட்டோ எல்லாமே அடிவாங்கியிருக்கின்றன. முன்பெல்லாம் பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் கால் வைக்க இடம் இருக்காது. பைகளின் மேலேயே குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக நடைமேடையில் உட்கார்ந்திருப்பார்கள். டீக்கடைகளில் விடிய விடியப் பால் கொதிக்கும். அந்தக் கூட்டம் இன்று கிளாம்பாக்கத்தில் இருக்கிறது. ‘மால் வந்தால் ஆள் வரும், ஆள் வந்தால் எங்களுக்கும் வியாபாரம்’ என்று ஒரு டிபன் கடைக்காரர் என்னிடம் சொன்னார். அவர் வயிற்றுப்பாடு அவருக்கு.

ஆனால் மாலுக்கு வருகிறவர் அவர் கடைக்கு வருவாரா? காரில் வந்து அடித்தளத்தில் நிறுத்தி, மேலே ஏசிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு, அதே காரில் வெளியே போய்விடுவார். தெருவில் அவர் கால் படாது. வடபழனி மாலைச் சுற்றியும் திருமங்கலம் மாலைச் சுற்றியும் ஒரு சாயங்காலம் நடந்து பார்த்தால் இது புரியும். இன்னொன்றையும் யோசியுங்கள். பேருந்து நிலைய மெட்ரோவிலிருந்து தெற்கே இரண்டு நிறுத்தம் போனால் வடபழனி, அங்கே 2013 முதல் ஒரு பெரிய மால். வடக்கே இரண்டு நிறுத்தம் போனால் திருமங்கலம், அங்கே 2018இல் வந்த விஆர் மால். அமைந்தகரையில் ஸ்கைவாக் 2009 முதல் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இன்னொன்று எதற்கு? சனி, ஞாயிறு மாலைகளில் நூறடி சாலையின் கதி நமக்குத் தெரியும். காளியம்மன் கோயில் தெரு சந்திப்பில் நெரிசல் தாங்காமல் மேம்பாலம் கட்டி 2021இல் திறந்தார்கள். அதன் பக்கத்திலேயே கார் கூட்டத்தை இழுக்கும் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

சரி, உயரமான கட்டடம் என்றதும் எங்கள் சங்கத்திலேயே பலர் என்மீது கோபப்பட்டார்கள். ‘ஏற்கெனவே தண்ணி இல்ல, டிரெயினேஜ் பொங்குது, இதுல இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பமா?’ என்றார் அடுத்த தெரு அண்ணன். 2015இல் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காக நாங்கள் இருவரும் சேர்ந்தே காத்திருந்தோம். அவர் பயம் உண்மையானது. ஆனால் நெருக்கடி ஏற்கெனவே நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வரக் கூடாத இடமாகப் பார்த்து வந்திருக்கிறது.

எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபதடி அகலம்கூட இல்லாத தெரு. நான் குடிவந்தபோது பெரும்பாலும் தனி வீடுகள். இப்போது ஒவ்வொன்றாக இடிபட்டு, கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நாலு மாடி என்று எழும்புகின்றன. 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி கட்டலாம். ஒரு குடும்பம் இருந்த மனையில் நாலைந்து குடும்பம். அதைத் தப்பென்று சொல்லவில்லை, வீடு எல்லாருக்கும் வேண்டும். ஆனால் கழிவுநீர்க் குழாய் பழைய அளவிலேயே இருக்கிறது. தெருவும் அகலமாகவில்லை. மழை பலமாகப் பெய்து விருகம்பாக்கம் – அரும்பாக்கம் கால்வாய் நிரம்பிவிட்டால் தெருத் தண்ணீர் போக வழியில்லாமல் நின்றுவிடுகிறது. தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத தெருக்களில் மாடிகளை அடுக்கிக்கொண்டே போகிறோம். நூறடி சாலையில், மெட்ரோ நிலையத்தின் வாசலில், முழுக்க முழுக்க அரசுக்குச் சொந்தமான 36 ஏக்கரில் ஒரு குடும்பத்தைக்கூடக் குடிவைக்கப் பேச மாட்டேன் என்கிறோம். இதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுக்குமாடியைக் கட்ட வேண்டிய இடம் அதுதான். அங்கே குடியிருப்பவருக்கு கார் வேண்டியதில்லை. மெட்ரோவும் பேருந்தும் இறங்கி நடக்கிற தூரத்தில். குழாய், மின்சாரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் முதலிலேயே பெரிதாகத் திட்டமிடலாம். தெருவுக்குத் தெரு, மனைக்கு மனை நடக்கிற கட்டுமானத்தில் அது ஒருநாளும் நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரமான கட்டடங்களுக்கு விதிப்படி எஃப்எஸ்ஐ 3.25. 36 ஏக்கரில் 12 ஏக்கரை மட்டும் வீட்டுக்கு ஒதுக்கினாலே சுமார் 17 லட்சம் சதுர அடி கட்டலாம். லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 650 சதுர அடி என்று வைத்தால் 2,500 வீடுகளுக்கு மேல் வரும். கட்டணம் கட்டி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐயை இதில் சேர்க்கவே இல்லை. மீதி 24 ஏக்கரில் பேருந்துக்கும் இடம் உண்டு, மரத்துக்கும் இடம் உண்டு.

அந்த வீடுகள் யாருக்கு? பக்கத்தில் இருக்கும் சந்தையைப் பாருங்கள். நள்ளிரவில் லாரிகள் வந்து நிற்கும்போது மூட்டை இறக்குகிறவர்கள், விடியற்காலையில் பூ வாங்க வரும் பெண்கள், மண்டியில் கணக்கெழுதுகிறவர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறார், வீடு ஆவடிக்கு அப்பால். இரவு வேலைக்கு வர கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நேரத்தோடு வந்து மண்டி வாசலில் சாக்கு விரித்துப் படுத்துவிடுகிறார். வேலை தொடங்குவதற்கு முன்பே அவருக்குப் பாதி இரவு போய்விடுகிறது. இவர்களோடு மருத்துவமனைகளில் ஷிப்ட் பார்க்கும் செவிலியர்கள், பேருந்து ஓட்டுநர்கள், நடத்துநர்கள். நகரத்தை ராத்திரியில் இயக்குகிறவர்களுக்கு நகரத்துக்குள் இருக்க இடமில்லை.

கூவம் கரையோரம் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகருக்குள் இடமில்லை என்பதுதான் அப்போது சொன்ன காரணம். அங்கே போனவர்கள் பலர் வேலைக்கு வந்துபோகவே கூலியில் பாதியைச் செலவழித்ததை நாம் பார்த்தோம். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று நம் தெருவுக்கு வந்துகொண்டிருந்தவர்கள்தான் அவர்கள். இன்று கையில் இவ்வளவு இடம் இருக்கும்போது அதே காரணத்தைச் சொல்லக் கூடாது.

விற்பனை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெட்ரோவை ஒட்டிய ஃபிளாட்டை விலைக்கு விட்டால் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிவைப்பவர்கள் கைக்குத்தான் போகும். வீட்டுவசதி வாரியம் கட்டி, வாடகைக்கு மட்டும் விட்டு, பராமரிப்புக்குத் தனி நிதி வைத்தால் அது தலைமுறைக்கும் நகரத்தின் சொத்தாக நிற்கும். பராமரிப்பு என்றால் லிஃப்ட் கெட்டுப்போய் மாதக்கணக்கில் கிடக்கிற பராமரிப்பு அல்ல. ஏழைகள் இருக்கிற அடுக்குமாடி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். அதையும் சேர்த்துத்தான் மாற்றக் கேட்க வேண்டும். தரைத்தளத்தில் கடைகள் இருக்கட்டும். வாழ்க்கை போன டிபன் கடைக்காரர்களுக்கும் ஜூஸ் கடைக்காரர்களுக்கும் அதில் முதல் உரிமை கொடுங்கள். கீழே அவர் கடை, மேலே 2,500 குடும்பம். காலை இட்லிக்கு யாரைத் தேடி அவர் போக வேண்டும்?

பூங்கா கேட்கும் நண்பர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024இல் அரசு மீட்டு, 118 ஏக்கரைப் பசுமைப் பூங்காவுக்கு ஒதுக்கியபோது நானும் மகிழ்ந்தேன். கோயம்பேட்டிலும் சிமெண்டை உடைத்து எடுத்து, மழைத் தண்ணீர் இறங்க மண் விட்டு, ஒரு குளமும் மரங்களும் வந்தால் சுற்றிலும் இருக்கிற தெருக்களுக்கே நல்லது. ஆனால் 36 ஏக்கரும் பூங்காவானால் சுற்றியுள்ள மனை விலை ஏறும், வாடகை ஏறும், இன்று ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர் நாளை இன்னும் தள்ளிப் போவார். காலையில் நடக்கப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் அது போதும்.

2027 முதல் 2046 வரை சென்னை எப்படி வளர வேண்டும் என்பதற்கான மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) சிஎம்டிஏ தயாரித்துவருகிறது. கோயம்பேட்டின் தலையெழுத்தும் அதில்தான் இருக்கும். வரைவு வந்தபின் ஆட்சேபணை எழுதுவதை விட இப்போதே கேட்பது நல்லது. பேருந்து நிலைய வளாகத்திலேயே ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லுவோம், வரைபடத்தையும் கணக்கையும் தமிழில் வைத்து. பகலில் நடத்தினால் சந்தைத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள் என்று மனுவிலேயே எழுதிவிட வேண்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன். அரும்பாக்கம், எம்எம்டிஏ காலனி, சின்மயா நகர், சாலிகிராமம் பக்கம் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போட வருகிறேன் என்றால் கீழே ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தையில் கையெழுத்து வாங்க விடியற்காலை மூன்று மணிக்குப் போக வேண்டியிருக்கும், அதற்கு என்னோடு இரண்டு பேராவது வேண்டும்.