கிராம சபைக்கு வராத தோழர்கள்

ஆகஸ்ட் 15 வந்தால் என் நட்பு வட்டத்தில் ஒரே பதிவுதான் வேறு வேறு பெயர்களில் வரும்: "யாருக்கு வந்தது சுதந்திரம்?" கேள்வியில் தப்பில்லை. கேட்பவர்களில் பாதிப் பேர் நான் மதிக்கிற ஆட்கள். பேராசிரியர்கள், சிறுபத்திரிகைக்காரர்கள், சங்கத்தில் கூடவே நின்றவர்கள். நானும் செங்கொடிப் பக்கம்தான். ஆனால் அதே காலையில் கடலூர் மாவட்டத்து ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஊரக வேலைத் திட்டக் கணக்கு, வரவு செலவு எல்லாம் அங்கே வாசிக்க வேண்டும். ஊர் வாக்காளர் யாரும் எழுந்து கேட்கலாம். கேள்வி கேட்டே பழகிய நம் ஆட்களை அங்கே பார்ப்பதுதான் அரிது.

தேசம் என்றாலே ஆள்கிறவன் சமாச்சாரம், தேசியக் கொடி என்றாலே எதிராளியின் சொத்து என்று எப்போது முடிவு செய்தோம்? இந்த மண்ணில் கதை அப்படி ஆரம்பிக்கவில்லை.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா 1934-இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'சுதந்திரம்'. அதே வருஷம் காந்தி புதுச்சேரி வந்தபோது அந்த ஏற்பாடுகளில் முன்னால் நின்றவரும் அவர்தான். பஞ்சாலைத் தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டார்கள். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் எங்கள் ஊரில்தான் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கூலிக் கோரிக்கை ஒரு பக்கம், நாட்டு விடுதலை இன்னொரு பக்கம் என்று அந்த மில் தொழிலாளி பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தவர்கள் பின்னால் வந்த நாம், புத்தகம் படித்த நாம்.

அப்புறம் 1942 இருக்கிறது, மறைக்க வேண்டாம். சோவியத் மேல் ஹிட்லர் பாய்ந்ததும் இது மக்கள் யுத்தம் என்று சொல்லி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலிருந்து கம்யூனிஸ்ட் கட்சி ஒதுங்கி நின்றது. கிடைத்த சுதந்திரமே பொய் என்று 1948-இல் சொன்னது. அதற்கு இன்றைக்கும் டீக்கடையில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அடிபட்ட இடத்தை யாரும் தொடக்கூடாது என்று பொத்திக்கொள்கிற மாதிரி, அதிலிருந்து தேசம் என்ற பேச்சு வந்தாலே நமக்கு ஒரு விறைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து கட்சி அலுவலகத்தில் வளர்ந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறகு காங்கிரஸ் மேடை ஏறியபோது நம்மவர்களுக்கு வந்த கோபத்திலும் இது கொஞ்சம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவர் சொன்னதில் பாதியை நான் ஏற்கமாட்டேன், அது வேறு.

ஒரு வேடிக்கை பாருங்கள். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14-க்குப் புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு சொல்தாக்கள், அதாவது முன்னாள் சிப்பாய்கள், பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். நம் எழுத்தாளர்கள் அதைக் கனிவோடு ரசித்து எழுதுவார்கள். உள்ளூர்ப் பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்குகிற பிள்ளையின் சந்தோஷம் மட்டும் அவர்களுக்கு ஆராய்ச்சிக்குரிய நோய்.

கொடியைக் காட்டித்தானே இன்று வாயை அடைக்கிறார்கள் என்பீர்கள். சரி. 2023 ஜூலையில் எங்கள் மாவட்டத்து வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் கால்வாய்க்காக நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று அதற்கு நியாயம் பேசினார்கள். தேசம் என்பதே ஒரு கற்பனை என்று நம்மில் சிலர் பதிலுக்குக் கிளம்பினார்கள். அந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு வயலில் நிற்கிறவர் என்ன செய்வார்? அந்த விவசாயியும் நாடுதான் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும், எதிராளிக்கும் உறைத்திருக்கும்.

இதே இடதுசாரி ஆட்கள்தான் 1990 வாக்கில் அறிவொளி இயக்கத்தில் புதுச்சேரிக் கிராமங்களுக்குப் போய், ராத்திரியில் பெண்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நாட்டுப்பற்று என்ற வார்த்தையை அவர்கள் சொன்னார்களா தெரியாது. அது வேறென்ன?

இப்போது கையில் எடுக்க வேண்டிய விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில் இந்தியாவோடு சேருவதா என்று வாக்கெடுத்தார்கள். 178 பேரில் 170 பேர் சேருவோம் என்றார்கள். வாக்களித்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்களும் நகரசபை, கொம்யூன் (ஊராட்சி) உறுப்பினர்களும். ஊராட்சி மட்டத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களும் சேர்ந்து வாக்களித்துத்தான் புதுச்சேரி இந்தியாவுக்கு வந்தது. அதே புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது, பிறகு 2006-இல்தான் நடந்தது. அதில் ஜெயித்தவர்களின் பதவிக் காலமும் 2011-இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே இல்லை, அதிகாரிகள்தான் ஆண்டார்கள். கட்சிகள் கோரிக்கை வைத்தன, உண்மைதான். ஆனால் "யாருக்குச் சுதந்திரம்" என்று வருஷம் தவறாமல் கேட்கிற பேராசிரியத் தோழர்கள் இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் முதல் வரிசையில் உட்கார நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறேன்.