விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றுகிறவர்களுக்கு

விமானம் மேலே ஏறி முடித்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். சீட் பெல்ட் விளக்கு அணையும். அடுத்த நொடியே முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை டக், டக், டக் என்று பெல்ட் கழலும் சத்தம் ஓடும். பள்ளிக்கூட மணி அடித்ததும் பையைத் தூக்குகிற பிள்ளைகள் மாதிரி. நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

போன வருடம் ஓர் இரவுப் பயணம். எனக்கு ஜன்னல் இருக்கை. பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், ஏறியதிலிருந்து கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார். விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றி இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். நான் கழற்றவில்லை. பாதுகாப்பு உணர்வெல்லாம் இல்லை, சோம்பல். பெல்ட்டுக்கு மேலே போர்வையை இழுத்துப் போர்த்தியாகிவிட்டது, இனி யார் அதைக் கலைப்பது? "தம்பி, லைட்டுதான் அணைஞ்சிருச்சே, இன்னும் ஏன் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்று சிரித்தார்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவர் கையில் டீ. லேசான குலுக்கல்கூட இல்லை, திடீரென்று காலுக்குக் கீழே தரை இறங்கிப் போனது. கப்பில் இருந்த டீ கப்பை விட்டு எழும்பி, ஒரு பழுப்பு உருண்டையாக அந்தரத்தில் நின்றதைப் பார்த்தேன். அதே நேரத்தில் அவரும் எழும்பினார். இருக்கைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. அப்புறம் எல்லாம் ஒன்றாக விழுந்தது. டீ என் மடியில், அவருடைய முழங்கை என் தோள்பட்டையில், அவருடைய செல்போன் இரண்டு வரிசை தள்ளி யார் காலடியிலோ. நடைபாதையில் இருந்த பணிப்பெண் தரையில் உட்கார்ந்து ஓர் இருக்கையின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். மொத்தம் இரண்டு மூன்று வினாடி.

அதற்குப் பிறகுதான் 'டிங்' என்று விளக்கு எரிந்தது.

நான் சொல்ல வந்தது இந்த வரிசையைப் பற்றித்தான். அந்த விளக்கை நாம் ஏதோ டிராஃபிக் சிக்னல் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறோம். எரிந்தால் ஆபத்து, அணைந்தால் ஆபத்தில்லை என்று. உண்மையில் அது விமானிக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்லும். எதிரே மேகக்கூட்டம், புயல் என்றால் விமானத்தின் மூக்கில் இருக்கும் ரேடாருக்குத் தெரியும், ஏனென்றால் அந்த ரேடார் பார்ப்பது மழைத்துளிகளைத்தான். வறண்ட, தெளிவான வானத்தில் காற்று மட்டும் புரண்டுகொண்டிருந்தால் அதன் திரையில் ஒன்றும் தெரியாது. 'கிளியர் ஏர் டர்புலன்ஸ்', அதாவது தெளிவான வானக் கொந்தளிப்பு என்பது இதைத்தான். மிக உயரத்தில் ஆறு மாதிரி ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக் காற்றின் ஓரங்களில், வேகமான காற்றும் மெதுவான காற்றும் உரசும் இடத்தில் இது நிறைய வரும். மலைத்தொடரைத் தாண்டி வரும் காற்றும் இப்படிப் புரளும். வானிலைக் கணிப்பும், முன்னால் போன விமானங்கள் கொடுக்கும் தகவலும்தான் விமானிக்குத் துணை. முன்னால் யாரும் போகவில்லை என்றால் நாம்தான் அந்தத் தகவல்!

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நினைவிருக்கும். மியான்மர் மேலே, 37,000 அடி உயரத்தில் அது கடுமையான ஆட்டத்தில் சிக்கியது. 73 வயதுப் பயணி ஒருவர் இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்றார்கள். பல பேருக்குத் தலையிலும் முதுகெலும்பிலும் காயம். 'விமானம் 6,000 அடி விழுந்தது' என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். விசாரணையின் முதல்கட்ட அறிக்கை வந்தபோது கதை வேறாக இருந்தது. அந்த 6,000 அடி, விமானிகள் பிறகு கட்டுப்பாட்டோடு இறக்கியது. மனிதர்களைத் தூக்கி அடித்த வீழ்ச்சி வெறும் 178 அடி, 4.6 வினாடி. அதிலும் முக்கியமான மாற்றம் 0.6 வினாடிக்குள் நடந்துவிட்டது: உடலை இருக்கையோடு அழுத்திக்கொண்டிருந்த 1.35 ஜி விசை (1 ஜி என்றால் நம் சாதாரண எடை), மைனஸ் 1.5 ஜி ஆனது, அதாவது எதிர்த்திசைக்கு மாறியது. பெல்ட் விளக்கைப் போட்டதாக விமானி சொன்னது அதற்கு 8 வினாடி முன்னால். எட்டே வினாடி. தூங்கிக்கொண்டிருந்தவர் கண் திறக்கவே அது போதாது, பின்னே எங்கே பெல்ட்டின் இன்னொரு முனையைத் தேடுவது?

இந்த மைனஸ் ஜி கொஞ்சம் விநோதமான விஷயம். நாம் மேலே பறந்து கூரையில் முட்டுகிறோம் என்றுதான் தோன்றும். வெளியிலிருந்து பார்த்தால் நாமும் கீழேதான் வந்துகொண்டிருக்கிறோம். ஆனால் நம்மைவிட வேகமாக விமானம் இறங்குகிறது. அதாவது கூரைதான் கீழே வந்து நம் மண்டையில் அடிக்கிறது. 'கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. மைனஸ் 1.5 ஜி என்றால், 70 கிலோ ஆளை 105 கிலோ எடைக்குச் சமமான விசை மேல்நோக்கி இழுக்கிறது என்று அர்த்தம். தயாராக இல்லாத கை அதைத் தாங்குமா? இடுப்பில் ஒரு பட்டை தாங்கும்.

'என் உயிர், என் இஷ்டம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. பைக்கில் ஹெல்மெட் போடாதவர்கூட ஓரளவு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். விமானத்தில் அதற்கு இடமே இல்லை. மேலே போனவர் தன் இருக்கையில்தான் திரும்ப விழுவார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அன்றைக்கு என் தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. நான் பெல்ட் போட்டிருந்தேன், அடி வாங்கியதும் நான்தான். அந்த இடத்தில் மடியில் குழந்தையோடு ஒரு தாய் இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்த்தேன், அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

மடிக்குழந்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்காவின் விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி., குழந்தைக்குத் தனி இருக்கையும் அதற்கான பெல்ட்டும் வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. டிக்கெட் செலவு என்று ஒன்று இருப்பதால் எல்லோராலும் முடியாது, சரி.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. டர்புலன்ஸில் விமானம் உடைந்து விழும் என்ற பயம் இந்தக் காலத்து விமானங்களுக்குப் பெரும்பாலும் தேவையற்றது. இறக்கைகள் வளைந்து ஆடுவதைப் பார்த்துச் சாமி கும்பிடுகிறோம், வளைவதற்காகத்தான் அவற்றை அப்படிச் செய்திருக்கிறார்கள். அடிபடுவது உள்ளே இருக்கும் மனிதர்கள். எண்ணிக்கையும் குறைவுதான். 2009 முதல் 2022 வரை அமெரிக்க விமானங்களில் டர்புலன்ஸால் பலத்த காயம் அடைந்தவர்கள் 163 பேர் என்கிறது அந்நாட்டு விமானத் துறை. அதில் பயணிகள் 34 பேர். மீதி 129 பேரும் விமான ஊழியர்கள்.

இந்த 129ஐத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். நமக்குக் காபி ஊற்ற நிற்கிறார்கள். 'பெல்ட் போடுங்க சார்' என்று வரிசை வரிசையாகக் கெஞ்சவும் நிற்கிறார்கள். விளக்கு எரிந்ததும் எல்லோரும் ஏற்கெனவே பெல்ட்டோடு இருந்தால், அவர்கள் போய்த் தங்கள் இருக்கையில் உட்கார்ந்து தங்கள் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளலாம். கொரியன் ஏர் 2024 ஆகஸ்டில் எகானமி வகுப்பில் கப் நூடுல்ஸ் கொடுப்பதையே நிறுத்தியது, கொதிக்கிற தண்ணீர் ஆட்டத்தில் யார் மேலாவது கொட்டிவிடும் என்று. சிலர் கேலி செய்தார்கள். மடியில் டீ வாங்கியவன் என்ற முறையில் நான் செய்யவில்லை.

இந்தக் கொந்தளிப்பு குறையப் போவதாகவும் தெரியவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, வட அட்லாண்டிக் வான்வழியில் ஒரு சராசரி இடத்தில் 1979இல் வருடத்துக்கு 17.7 மணி நேரமாக இருந்த கடுமையான தெளிவான வானக் கொந்தளிப்பு, 2020இல் 27.4 மணி நேரமாகியிருக்கிறது. 55 சதவீதம் கூடுதல். பூமி சூடாகச் சூடாக ஜெட் ஸ்ட்ரீமில் மேலும் கீழும் உள்ள காற்றின் வேக வித்தியாசம் கூடுகிறது என்கிறார்கள்.

வயிறு இறுக்குகிறது, தூக்கம் வரவில்லை என்பார்கள். வயிற்றில் போட்டால் இறுக்கத்தான் செய்யும், இடுப்பெலும்புக்கு இறக்கிப் போடுங்கள். நீளம் போதவில்லை என்றால் பணிப்பெண்ணிடம் கேட்டால் கூடுதல் பட்டை தருவார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிவறைக்குப் போகத்தான் வேண்டும், காலை நீட்டி நடக்கவும் வேண்டும், நடங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாட்டிவிடுங்கள், அவ்வளவுதான். கழிவறைக்குப் போகும் வழியில் ஆட ஆரம்பித்தால் சொந்த இருக்கையைத் தேடி ஓடாமல், கிடைத்த காலி இருக்கையில் உட்காருங்கள். அதுவும் இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு அந்தப் பணிப்பெண் அப்படித்தான் தப்பித்தார். ஆட்டம் நின்று கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தார். மணிக்கட்டில் ஐஸ் வைத்து ஒரு துணியைச் சுற்றியிருந்தார். இன்னொரு கையில் டார்ச். தூங்குகிறவர்களின் போர்வையை ஒவ்வொன்றாக விலக்கி, பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் வரிசைக்கு இன்னும் நாலு வரிசை இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் பேசாமல் தன் போர்வையைத் தூக்கி, பெல்ட்டை அதற்கு மேலே எடுத்து மாட்டினார். நானும் என்னுடையதைக் கழற்றி, போர்வைக்கு மேலே போட்டேன்.