கடைக் கயிறும் தர்பூசணி வாசமும்

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனின் புத்தகப்பையில் கிடைத்தது என்று அவள் ஒன்றைக் கையில் கொடுத்தாள். பென் டிரைவ் என்றுதான் முதலில் நினைத்தாளாம். பேட்டரியால் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட் அது. முகர்ந்தேன். தர்பூசணி மிட்டாய் வாசம். "வெறும் வாசனைப் புகைதான் மாமா" என்றான் பையன். அடியில் பொடி எழுத்தில் நிக்கோட்டின் என்று போட்டிருந்தது.

இ-சிகரெட்டுக்குத் தமிழ்நாடு 2018-லேயே தடை போட்டது. 2019-இல் மத்தியச் சட்டமும் வந்தது: விற்றால் முதல் முறையே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்படியும் அது என் மருமகன் பைக்குள் வந்துவிட்டது. கொதிக்கிறது எனக்கு. மிட்டாய் வாசம் யாரைக் குறிவைத்துச் சேர்க்கப்படுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஆனால் என் அப்பாவையும் நினைக்கிறேன். பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் கங்கில் சிகரெட்டைப் பற்றவைத்து நாற்பது ஆண்டுகள். நான்கு முறை விட முயன்றார். கிராம்பு மென்றார், ஏலக்காய் மென்றார். ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாள் கை நடுங்கும், அம்மாவிடம் எரிந்து விழுவார், சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். புகையிலையை விட உதவும் தொலைபேசி எண் 1800-11-2356 சிகரெட் பெட்டியில்தான் அச்சாகியிருக்கிறது. அப்பா வாங்குவதோ ஒன்று ஒன்றாக. பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடும். இருமலுக்காகப் போன இடத்தில் மருத்துவர் "விட்டுவிடுங்கள்" என்றார். எப்படி விடுவது என்று சொல்லவில்லை.

நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஆகியவற்றைவிட, நிக்கோட்டின் உள்ள இ-சிகரெட் கூடுதலான பேருக்குப் புகையை விட உதவுகிறது என்று, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அதற்காக அது தீங்கற்றது என்று ஆகிவிடாது. பிரிட்டன் 2023-இல் பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் முதல் தடையும் செய்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து மருந்துக்கடையில் மட்டும்தான் விற்கலாம்.

இங்கே இ-சிகரெட்டுக்குக் கதவைத் திறந்தால் வெள்ளமாக வந்துவிடும் என்பவர்களின் பயம் நியாயமானது. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற விதி என்ன பாடுபடுகிறது என்று தினமும் பார்க்கிறோமே. ஆகவே கடைக்கு வேண்டாம், இணையத்துக்கும் வேண்டாம். பழ வாசம், வண்ணம், விளம்பரம் எதுவும் கூடாது. வேறு எதிலும் விட முடியாதவருக்கு மட்டும், மருத்துவரின் கண்காணிப்பில், அளவு கட்டிய நிக்கோட்டினோடு கிடைக்கட்டும். அதற்கும் முன்னால் நிக்கோட்டின் சூயிங்கமும் ஒட்டுப்பட்டையும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாக இருக்க வேண்டும். நாட்டில் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் புகைக்கிறார்கள். சிகரெட் முக்குக்கு முக்கு கிடைக்கும்போது, அதை விடுவதற்கான மருந்து மட்டும் ஏன் தேடி அலையும் பொருளாக இருக்க வேண்டும்?

அப்பாவுக்கு 68 வயது. மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஐந்தாவது முறையாக விட்டிருக்கிறார். இன்று மூன்றாம் நாள்.