ஹோலிஹெட் வழக்கையும் பாருங்கள்

"புயல் கடவுள் செயல், மரினாவுக்குப் பொறுப்பில்லை" என்று, மரினாவில், அதாவது படகுகளை நிறுத்திவைக்கும் துறையில், புயலால் சேதமாகும் படகுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு சுலபமில்லை சார். 2018 மார்ச்சில் எம்மா புயல் வேல்ஸின் ஹோலிஹெட் மரினாவைப் பிய்த்துப் போட்டதில் மிதவை மேடைகள் உடைந்து, உள்ளே இருந்த தெர்மாகோல் கரையெல்லாம் சிதறி, படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. கவனக்குறைவு என்று படகுக்காரர்கள் நஷ்டஈடு கேட்டார்கள். 2020-இல் கடல்சார் வழக்குகளை விசாரிக்கும் அட்மிரால்டி நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பிரிட்டனின் 1995 வணிகக் கப்பல் சட்டப்படி மரினாவும் 'டாக்' (கப்பல்துறை) தானாம், அதனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கேட்க அதற்கு உரிமை உண்டாம். சரி, அந்த வரம்பாவது உடைந்த படகுகளின் விலையைப் பார்த்தா? இல்லை, சேதம் நடந்தபோதோ அதற்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள்ளோ அங்கே இருந்த மிகப் பெரிய பிரிட்டிஷ் கப்பலின் டன் கணக்கைப் பார்த்து! அந்த ஒரே தொகையைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.