60 வெள்ளி விஷயம் இல்லை

நேற்று நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். அறுந்த தங்கச் சங்கிலி, அதை நகைக்கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பாக்கெட், அதன் மேல் பேனாவால் கிறுக்கிய 'வாடிக்கையாளர் தவறு'. வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. ரசீதின் பின்பக்கத்தில் ஓராண்டு உத்தரவாதம் என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். பெர்ரி ஏறி, பினாங்குத் தீவில் லெபோ பாசார் வரை வெயிலில் நடந்து போய்க் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்துவிட்டு, இழுபட்டு அறுந்திருக்கிறது, உத்தரவாதத்தில் வராது, பற்றவைக்க 60 மலேசிய வெள்ளி என்கிறார்கள்.

நான் புதுச் சங்கிலி கேட்கவில்லை, காசைத் திருப்பிக் கேட்கவில்லை. விட்டுப்போன இடத்தைப் பற்றவைத்துக் கொடுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

"60 வெள்ளிதானே அக்கா, கொடுத்துட்டு வேலையைப் பாருங்க" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். கொடுக்கலாம், அதனால் எங்கள் வீட்டில் உலை நிற்காது. ஆனால் கொடுத்தால் தப்பு என்னுடையதுதான் என்று நானே கைநாட்டு வைத்த மாதிரி ஆகிவிடும். அதுதான் முடியாது என்கிறேன்.

அறுந்தது எங்கே என்று பாருங்கள். நடுச் சங்கிலியில் இல்லை, கொக்கியை ஒட்டிய சின்ன வளையத்தில். 916 தங்கம், அதாவது 22 காரட், மெத்தென்றது, யாராவது வெடுக்கென்று இழுத்திருந்தால் வளையம் நீண்டு கோணலாகியிருக்கும். இது போட்ட வட்டமாகவே இருக்கிறது, ஒட்டின இடத்தில் மட்டும் வாய் பிளந்திருக்கிறது. என் பேச்சை நம்ப வேண்டாம். பட்டர்வொர்த்தில் எங்களுக்குத் தெரிந்த வயதான ஆசாரி ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே பார்வைதான் பார்த்தார். "பொடி உள்ளே ஓடலம்மா, மேலாப்பல ஒட்டியிருக்கு" என்றார். பொடி என்றால் நகையை ஒட்ட வைக்கும் பற்றாசு. பொடி வைத்து ஊத வேண்டிய இடத்தில் ஒழுங்காக ஊதாமல் விட்டுவிட்டு, இப்போது என்னிடம் பொடி வைத்துப் பேசுகிறார்கள். "வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா மேடம்?" இருக்கிறான் ஐயா, படிவம் ஐந்து படிக்கிறான். அம்மா கழுத்தில் தொங்கும் வயது தாண்டிவிட்டது.

வாங்கப் போன அன்று நான் 'அக்கா'. உட்கார நாற்காலி, குடிக்கப் பாக்கெட் மைலோ, 'நம்ம கடைக்கா இது, என்ன ஆனாலும் கொண்டு வாங்க, நாங்க இருக்கோம்' என்ற வசனம். அறுந்த பிறகு நான் 'மேடம்'. நாற்காலியும் இல்லை.

தூங்கும்போது கழற்றி வைத்திருக்கலாமே என்கிறார் ஒருவர். கழற்றுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். எத்தனை பேர் கழற்றுகிறீர்கள்? கழுத்தில் போட முடியாத சங்கிலி என்றால் அதையும் ரசீதில் அச்சடித்திருக்கலாம்.

இந்தச் சங்கிலி எதிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா நிபோங் திபால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். லயத்துப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் கூட்டு, அதாவது சீட்டு, கட்டுவார்கள், அவர் முறை வந்தபோது எடுத்தது இரண்டு வளையல். (கூட்டு பிடிப்பது 1971 சட்டப்படியே தடை என்று எனக்குத் தெரிய வந்தது ரொம்பக் காலம் கழித்துத்தான். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.) அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எத்தனையோ முறை அடகுக்கடைக்குப் போய்த் திரும்பி வந்த வளையல்கள் அவை. அவற்றைப் போட்டு, மேலே பணமும் கட்டி எடுத்ததுதான் இது. பழையதை எடுக்கும்போது அழுக்கு, ஒட்டு என்று சொல்லி எடையில் கழித்தார்கள். புதியதற்குக் கூலி 480 வெள்ளி. வாயைத் திறக்காமல் கொடுத்தேன். அந்த 480 வெள்ளி எந்த வேலைக்கு? ஒட்டுவது அந்த வேலையில் சேராதா?

அம்மா காலத்தில் உத்தரவாதம், ரசீது ஒன்றும் கிடையாது. தோட்டத்துக்கு வரும் ஆசாரி கொக்கி விட்டுப்போனால் திண்ணையில் உட்கார்ந்து ஊதிக் கொடுத்துவிட்டு ஒரு காப்பி குடித்துப் போவார்.

"நம்ம ஆளுங்க கடையை நாமே நாறடிக்கலாமா" என்று உள்பெட்டியில் வந்தவருக்கு: கடைப் பெயரை நான் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? நம்ம ஆள் என்றுதானே நாலு கடை தாண்டி அங்கே போனேன். என்னை முட்டாள் என்று நினைக்கும்போது மட்டும் நான் நம்ம ஆள் இல்லையா? நம்ம ஆளுக்கு நம்ம ஆள் காட்டும் மரியாதை ஒருபக்கமாகவே ஓடுகிறதே, அதை யாராவது உள்பெட்டியில் வந்து பேசினீர்களா?

"எங்க பாலிசி அப்படி" என்பது அவர்களுடைய கடைசி வார்த்தை. சரி. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. விற்ற பொருள் நியாயமான காலத்துக்கு உழைக்க வேண்டும் என்பதை அது தன்பாட்டில் உறுதி செய்கிறது. கடைக்காரர் ரசீதில் என்ன அச்சடித்தாலும் அதை அழிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் வந்து என் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டும். உட்கார நாற்காலி அங்கே எனக்கும் உண்டு.

60 வெள்ளிக்கு லீவு போட்டு அலைவாயா என்று என் வீட்டுக்காரரே சிரிக்கிறார். அலைவேன். திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று, படிவத்தையும் நிரப்பிவிட்டேன். கோரும் தொகை என்ற கட்டத்தில் 60 என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நேற்றுக் காலை என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "எங்கடி?" என்றார். பாலீஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "ஏழு மாசத்துலயா?" என்றார்.